ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளரும், இயந்திரக் கருவி உற்பத்தியாளரும், கண்டுபிடிப்பாளரும் ஆவார். திருகு மரைகளுக்கு உலகில் முதன்முதலாகப் பரவலாக ஏற்கப்பட்ட சீர்தரத்தை வகுத்தவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பிரித்தானியப் படையில் வழங்கிய என்ஃபீல்டு ரைபிளின் எட்டும் தொலைவையும் குறி தவறாமையையும் கூட்டுவதற்காக 1854 முதல் இவர் மேற்கொண்ட ஆய்வுகள், அறுகோண உட்துளை கொண்ட விட்வொர்த் ரைபிள் உருவாக வழிவகுத்தன. அத்துப்பாக்கியைப் பிரித்தானிய அரசு பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. எனினும் அதன் அடிப்படை அளவுகள் பிற்காலப் படைத் துப்பாக்கிகளில் இடம் பெற்றன.

இளமைக் காலம்

விட்வொர்த் செஷயர் பகுதியில் உள்ள ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் விட்வொர்த் பள்ளி ஆசிரியராக இருந்து பின்னர் கிறித்தவச் சபை ஊழியரானவர். தாயை இளமையிலேயே இழந்த ஜோசப், லீட்சுக்கு அருகே ஐடில் என்னும் ஊரில் இருந்த பள்ளியொன்றில் சிறிது காலம் பயின்றார். பதினான்காம் வயதில், டார்பிசயரில் பருத்தி நூற்பாலை நடத்திய உறவினரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஆலையின் நிர்வாகத்தில் அவருக்கு ஆர்வம் ஏற்படவில்லை. ஆலையில் இருந்த இயந்திரங்களே அவரைக் கவர்ந்தன. அவை மிகவும் செம்மையற்றனவாக அவருக்குத் தோன்றின. சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறி மான்செஸ்டரில் சாதாரண இயந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

1825 இல் பிரான்செஸ் ஆங்கர்ஸ் என்பவரை மணந்து இலண்டன் சென்றார். அங்கு அக்காலத்தின் தலைசிறந்த இயந்திரக் கலைஞரான ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கிடைத்தது. பின்னர் ஹோல்ட்ஸாப்ஃபெல், ஜோசப் கிளெமென்ட் ஆகியோரிடமும் பணியாற்றினார். சார்லஸ் பாபேஜின் வேறுபாட்டுப் பொறிக்கு உறுப்புகளைச் செய்தவர் இந்தக் கிளெமென்ட் ஆவார். துல்லியமான உறுப்புகளைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை அக்காலத்தில் அறியத் தக்க இடம் அதைவிட வேறொன்று இருந்திருக்க முடியாது.

மான்செஸ்டர் தொழிற்சாலை

1833 இல் மான்செஸ்டர் திரும்பிய விட்வொர்த், இலண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று பெயர்ப் பலகை மாட்டிச் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கடைசல் பொறிகள், இழைப்புப் பொறிகள், துளையிடும் பொறிகள் முதலியவற்றை இப்பட்டறை செய்து விற்றது. மான்செஸ்டர் தெருக்களைத் துப்புரவு செய்வதற்கான குதிரை இழுக்கும் வண்டி ஒன்றையும் 1842 இல் இவர் உருவாக்கினார்.

இவரது பணிகள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது தட்டையான பரப்பு ஆகும். அதுவரை இரு உலோகத் தட்டுகளுக்கிடையே தேய்ப்புப் பொடியை இட்டு ஒன்றோடொன்று உரசித் தட்டையாக்குவது வழக்கம். இம்முறையில் ஒரு தட்டு சற்றுக் குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் அமைந்துவிட வாய்ப்புண்டு. அவ்வாறு அமைந்தாலும் இரண்டும் பொருந்தும் என்பதால் பிழை வெளியே தெரியாது. விட்வொர்த் மூன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாறிமாறி ஒப்பிட்டு, வண்ணப்பூச்சின் உதவியால் மேடுகளைக் கண்டு, அவற்றைச் சுரண்டுகருவியால் நீக்கினார். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமெனில் மூன்றும் தட்டையாக இருந்தே ஆகவேண்டும். இம்முறை பற்றிய கட்டுரையை 1840 இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தில் வாசித்தார். மாட்ஸ்லேயின் பட்டறையில் இதற்கு முன்னரே இத்தகைய தட்டுகள் பயன்பட்டன என்பதால் முழுப் பெருமையும் விட்வொர்த்துக்கு உரியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதை எல்லாப் பட்டறைகளுக்கும் உரிய பொதுமுறையாக ஆக்கியவர் இவரே.

அடுத்த ஆண்டில் திருகு மரைகள் பற்றிய இவரது கட்டுரை வெளிவந்தது. அந்நாளில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை அளவை வைத்திருந்தது. ஓர் ஊரில் செய்த இயந்திரத்தில் ஒரு மரையாணி உடைந்தால் மற்றோர் ஊரில் அதற்கு மாற்று கிடைக்காது. விட்வொர்த் நாடெங்கும் உள்ள பட்டறைகளிலிருந்து மரையாணிகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கணக்கிட்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரைகள் என்ற அட்டவணையும் கொண்ட முறையொன்றை முன்வைத்தார். தொடருந்து நிறுவனங்கள் இதனை முதலில் ஏற்றன. பிரித்தானிய இயந்திரங்கள் சென்ற இடமெல்லாம், இந்தியாவும் இலங்கையும் உட்பட, இம்மரையும் சென்றது. ஒளிப்படக் கருவிகளை முக்காலியில் பொருத்தும் கால் அங்குலத் திருகும் விட்வொர்த் அளவில் தொடங்கியதே ஆகும்.

1851 இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில், ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டக்கூடிய அளவீட்டுப் பொறியை இவர் காட்சிக்கு வைத்தார். 1853 இல் அரசின் சார்பில் அமெரிக்கா சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டு அறிக்கை அளித்தார். ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளை இயந்திரங்களால் செய்யும் முறை துப்பாக்கித் தொழிலில் அங்கு வேரூன்றியிருந்தது.

என்ஃபீல்டு ரைபிள்

1853 இல் பிரித்தானியப் படைக்கு ஏற்கப்பட்ட என்ஃபீல்டு ரைபிள், வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் திணிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம் (சுமார் 14.7 மிமீ). குழலின் உட்புறத்தில் மூன்று ஆழமற்ற சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. இப்பள்ளங்கள் 78 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச்சுற்றுச் சுற்றும் வகையில் அமைந்திருந்தன. குழலின் நீளமே 39 அங்குலம் என்பதால் குண்டு வெளியேறுவதற்குள் அரைச்சுற்று மட்டுமே சுழலும். அடிப்பகுதி குழிவான ஈயக் குண்டு, எளிதில் திணிக்கும் பொருட்டுக் குழலைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்யப்பட்டது. வெடிக்கும்போது வாயு அழுத்தத்தால் அது விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும்.

பழைய வழவழப்பான மஸ்கட் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் துப்பாக்கிகள் பர்மிங்காமிலும் இலண்டனிலும் பல கைவினைஞர்களிடம் பகுதி பகுதியாகச் செய்யப்பட்டன. ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரே அளவில் செய்யப்பட்டதாகக் கருதப்பட்ட இரு துப்பாக்கிகளில் ஒன்று நன்றாகச் சுடும், மற்றொன்று குறி தவறும். இதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

கிரிமியப் போர் தொடங்கிய 1854 இல், படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஹார்டிஞ்ச் பிரபு (1844 முதல் 1848 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர்) விட்வொர்த்தின் உதவியை நாடினார். துப்பாக்கி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்துத் தருமாறு அரசு கேட்டது. நல்ல துப்பாக்கியின் இலக்கணம் எது என்று தெரியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை வடிவமைப்பதில் பயனில்லை என்று விட்வொர்த் கருதினார். முதலில் குழலைப் பற்றி ஆய்வு நடத்த வேண்டும் என்றும், அதற்குரிய செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் கூறினார். தமது உழைப்புக்கு ஊதியம் எதுவும் அவர் கோரவில்லை.

சோதனைக் கூடம்

மான்செஸ்டரை அடுத்த ஃபாலோஃபீல்டில் விட்வொர்த்தின் இல்லத்தை ஒட்டிய நிலத்தில் 500 கெஜம் (சுமார் 457 மீட்டர்) நீளமுள்ள மூடிய கூடம் ஒன்று அரசுச் செலவில் எழுப்பப்பட்டது. காற்றின் பாதிப்பு இல்லாமல் சுடுவதே இதன் நோக்கம். கட்டி முடித்த சிறிது காலத்திலேயே புயலில் இக்கூடம் சரிந்தது. மீண்டும் கட்டப்பட்டு, 1855 மார்ச்சில் சோதனைகள் தொடங்கின.

கூடத்தின் நெடுகிலும் மெல்லிய தாள் திரைகள் இடைவெளி விட்டுத் தொங்கவிடப்பட்டன. குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துச் செல்லும். துளைகளின் உயரத்தை அளந்தால் குண்டு சென்ற வளைபாதை கிடைக்கும். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் பறந்தது என்றும், நீண்டிருந்தால் தலைகுப்புறப் புரண்டது அல்லது சாய்ந்தது என்றும் அறியலாம். இலக்கில் விழுந்த இடத்தை மட்டும் பார்ப்பதைவிட இது மிகவும் பயனுள்ள முறை. குண்டு எங்கே தவறியது என்பதோடு, எப்போது தவறத் தொடங்கியது என்பதையும் திரைகள் காட்டின.

விட்வொர்த் ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டும் மாற்றினார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவு வரையிலும் குழல்களைச் செய்து சுட்டுப் பார்த்தார். உள்விட்டம், குண்டின் நீளம், வடிவம், வெடிமருந்தின் அளவு ஆகியனவும் இவ்வாறே ஆராயப்பட்டன.

அறுகோணக் குழல்

ஆய்வின் முடிவைச் சுருக்கமாகப் பின்வருமாறு விளக்கலாம். காற்றின் தடை குண்டின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதே எடையுள்ள ஈயத்தை ஒடுக்கமாகவும் நீளமாகவும் வார்த்தால் தடை குறையும், வேகம் நெடுந்தொலைவு வரை நிலைக்கும், பாதையும் தட்டையாக அமையும். ஆனால் நீண்ட குண்டு காற்றில் எளிதில் புரளக்கூடியது. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல், அதனை நேராக நிறுத்த மிகுந்த சுழற்சி தேவை. என்ஃபீல்டின் 78 அங்குலச் சுற்று குட்டையான குண்டுக்கே போதுமானது. அதில் நீண்ட குண்டை இட்டால் பயனில்லை.

எனவே விட்வொர்த் என்ஃபீல்டு குண்டின் எடையான 530 கிரெயினையும் (சுமார் 34 கிராம்) ஏறத்தாழ 70 கிரெயின் வெடிமருந்தையும் மாற்றாமல், உள்விட்டத்தை 0.45 அங்குலமாகக் குறைத்து, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவைத் தேர்ந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 39 அங்குலக் குழலில் அது கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்றுகள் சுழன்று வெளியேறும்.

இவ்வளவு வேகமான சுழற்சியில் மெல்லிய பள்ளங்கள் குண்டைப் பற்றி நிற்குமா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடையாகவே பள்ளங்களை நீக்கிவிட்டு, குழலின் உட்துளை முழுவதையும் முறுக்கப்பட்ட அறுகோணமாக அவர் அமைத்தார். குண்டும் அதே முறுக்குடைய அறுகோணமாக இயந்திரத்தில் வெட்டப்பட்டது. ஒரு திருகும் அதன் மரையும் பொருந்துவது போலவே குண்டு குழலில் பொருந்தியது. மரைகளின் சீர்தரத்தை வகுத்தவர் துப்பாக்கியையும் ஒரு மரையாகவே கண்டார் எனலாம். மென்மையான ஈயத்தாலான உருளைக் குண்டும் இக்குழலில் வெடிக்கும்போது விரிந்து அறுகோண வடிவம் பெற்று நன்றாகவே பாய்ந்தது.

பல்கோண உட்துளை விட்வொர்த்துக்கு மட்டும் உரிய எண்ணம் அன்று. புகழ்பெற்ற பொறியியலாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெல் 1850களின் தொடக்கத்தில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற துப்பாக்கி உற்பத்தியாளரைக் கொண்டு எண்கோண உட்துளையுள்ள துப்பாக்கி ஒன்றைச் செய்வித்திருந்தார். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறுவதை எதிர்த்த புருனெல் அதற்கு உரிமை கோரவில்லை. விட்வொர்த் காப்புரிமை பெற்றார். இதனால் பின்னர் முன்னுரிமை பற்றிய விவாதம் எழுந்தது. எனினும் உள்விட்டம், சுற்று, குண்டின் நீளம் மூன்றையும் சோதனை வழியே ஒன்றோடொன்று பொருத்தியது விட்வொர்த்தின் பணியே ஆகும்.

1857 ஆம் ஆண்டுச் சோதனை

1857 ஏப்ரலில் கென்ட் பகுதியின் ஹைத் நகரில் இருந்த படைத்துறைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் இரு துப்பாக்கிகளும் ஒப்பிடப்பட்டன. 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி (சுமார் 68 செமீ), விட்வொர்த்தின் விலகல் 0.37 அடி (சுமார் 11 செமீ). தொலைவு கூடக்கூட வேறுபாடு தெளிவாகியது. 1400 கெஜத்தில் (சுமார் 1280 மீட்டர்) என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. விட்வொர்த் ரைபிள் அங்கும் தொடர்ந்து இலக்கைத் தாக்கியது. அரை அங்குலத் தடிப்புள்ள எல்ம் மரப்பலகைகளை அடுக்கிச் சுட்டபோது என்ஃபீல்டு குண்டு சுமார் 12 பலகைகளையும், விட்வொர்த் குண்டு 33 பலகைகளையும் துளைத்தன.

இச்சோதனை நடந்த அடுத்த மாதமே, மே 10 அன்று, மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் சினத்தைத் தூண்டிய கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இதே என்ஃபீல்டு ரைபிளுக்கு உரியனவே. தளர்வான குண்டைச் சிக்கலின்றித் திணிக்கவும், வெடிமருந்துக் கரி படிந்த குழலில் உராய்வைக் குறைக்கவும் தோட்டாத் தாளுக்குக் கொழுப்புத் தேவைப்பட்டது.

ஏற்கப்படாமை

சோதனையில் வென்ற துப்பாக்கி படையில் இடம் பெறவில்லை. அதற்குப் பல காரணங்கள் இருந்தன. விட்வொர்த்துக்கு ஆதரவாக இருந்த ஹார்டிஞ்ச் பிரபு 1856 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். 1859 இல் ஆராய்ந்த குழு, 0.45 அங்குல உள்விட்டம் போர்ப்படைக்கு மிகச் சிறியது என்று கருதியது. கருமருந்தின் எச்சம் நெருக்கமாகப் பொருந்தும் குழலில் விரைவில் படிந்து, அடுத்த குண்டைத் திணிப்பதைக் கடினமாக்கியது. அமைதியாகக் குறிபார்த்துச் சுடும் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் குழலைத் துடைக்க நேரமுண்டு. போர்க்களத்தில் வரிசையில் நிற்கும் படைவீரருக்கு அது இல்லை. செலவும் என்ஃபீல்டைவிடப் பல மடங்கு அதிகம். என்ஃபீல்டு தொழிற்சாலையில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இயந்திரங்கள் ஏற்கெனவே பழைய அளவில் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து கொண்டிருந்தன என்பதையும் கருத வேண்டும். எனவே அரசின் முடிவு முற்றிலும் அறிவற்றது என்று கூற இயலாது. ஆனால் உள்விட்டம் பற்றிய மறுப்பு நிலைக்கவில்லை. 1862 இல் அரசுக் குழுவொன்று, குறி தவறாமைக்குப் பெயர்பெற்ற சிறு உள்விட்டத் துப்பாக்கிகள் அனைத்தும் விட்வொர்த்தின் அளவுகளையே பின்பற்றுகின்றன என்பதை ஒப்புக்கொண்டது. 1860களில் சில ஆயிரம் விட்வொர்த் ரைபிள்கள் சோதனைக்காகச் சில படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன. 1871 இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் உள்விட்டம் 0.45 அங்குலம், சுற்று 22 அங்குலத்துக்கு ஒன்று. அறுகோணம் கைவிடப்பட்டது, அளவுகள் ஏறத்தாழ அவையே.

விம்பிள்டனும் அமெரிக்க உள்நாட்டுப் போரும்

1860 ஜூலை 2 அன்று தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டிகளை விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். இயந்திரத் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் ரைபிளின் விசைக் கயிற்றை அவர் இழுத்தார். 400 கெஜத் தொலைவில் இருந்த இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குல அளவுக்குள் குண்டு பாய்ந்தது. அவ்வாண்டு அரசியின் பரிசை வென்ற எட்வர்ட் ராஸ் என்னும் இளைஞரும் விட்வொர்த் ரைபிளைக் கொண்டே சுட்டார்.

இத்துப்பாக்கியின் கொடிய பயன்பாடு அட்லாண்டிக்கின் மறுகரையில் நிகழ்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்மாநிலக் கூட்டமைப்பு இதனைச் சிறு எண்ணிக்கையில் வாங்கி, கடல் முற்றுகையைத் தாண்டிக் கொண்டு சென்றது. தேர்ந்த குறிசுடுநர்களுக்கு மட்டுமே இது வழங்கப்பட்டது. சில துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட்சன் என்ற அதிகாரி வடிவமைத்த தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. அவர்கள் பெரும்பாலும் எதிரிப் படையின் அதிகாரிகளையும் பீரங்கிப் படையினரையும் குறிவைத்தனர். 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வடமாநிலப் படைத் தளபதி ஜான் செட்ஜ்விக் நெடுந்தொலைவிலிருந்து சுடப்பட்டு இறந்தார். அவரைக் கொன்றது விட்வொர்த் ரைபிள் என்றே பொதுவாக நம்பப்படுகிறது. எதிரியின் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட மனிதரைத் தேர்ந்து கொல்வது போரின் வழக்கமான கூறாக மாறியதில் இத்துப்பாக்கிக்குப் பங்குண்டு.

பீரங்கிகளும் எஃகும்

அதே அறுகோண முறையை விட்வொர்த் பீரங்கிகளிலும் பயன்படுத்தினார். 1860 இல் சவுத்போர்ட் கடற்கரையில் நடந்த சோதனையில் அவரது சிறு பீரங்கி ஐந்து மைலுக்கும் அப்பால் குண்டை எறிந்தது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் பீரங்கிகளுடன் நீண்ட போட்டி நிலவியது. 1863 இல் அமைக்கப்பட்ட குழுவின் ஒப்பீட்டுக்குப் பிறகும் இருவரில் எவருக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. பீரங்கிக் குழல்கள் வெடிப்பதற்கு வார்ப்பில் தங்கும் காற்றுக் குமிழ்கள் காரணம் என்று கண்ட விட்வொர்த், உருகிய எஃகைக் கெட்டியாகும்போதே பேரழுத்தத்தில் அழுத்தும் முறையை உருவாக்கினார். இது துப்பாக்கிகளுக்கு அப்பால், கப்பல்களின் சுழல்தண்டுகளுக்கும் பயன்பட்டது.

இறுதிக் காலம்

1857 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1869 இல் பாரனெட்டாகவும் விட்வொர்த் சிறப்பிக்கப்பட்டார். 1868 இல் ஒரு இலட்சம் பவுண்டுகளை அளித்து, இயந்திரப் பொறியியல் பயிலும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். பட்டறையில் கைத்தொழில் பழகியவரும் நூல்வழிக் கல்வி பெற்றவரும் ஒரே தேர்வில் போட்டியிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. 1874 இல் தொழிற்சாலை வரையறுத்த பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டபோது தொழிலாளர்களும் பங்கு வாங்க வழி செய்தார். முதல் மனைவி இறந்தபின் 1871 இல் மேரி லூயிசா ஆரெல் என்பவரை மணந்து, டார்பிசயரின் டார்லி டேலில் உள்ள ஸ்டான்கிளிஃப் மாளிகையில் வாழ்ந்தார். இரு திருமணங்களிலும் மக்கள் இல்லை.

உடல்நலம் குன்றியதால் குளிர்காலங்களில் மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்வது அவரது வழக்கமாயிற்று. 1887 ஜனவரி 22 அன்று மொண்டே கார்லோவில் காலமானார். உடல் டார்லி டேலுக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரது செல்வத்தின் பெரும்பகுதி பொதுப்பணிகளுக்குச் சென்றது. மான்செஸ்டரில் உள்ள விட்வொர்த் கலைக்கூடமும் விட்வொர்த் பூங்காவும் அவ்வாறு உருவானவை. அவரது நிறுவனம் 1897 இல் பழைய போட்டியாளரான ஆம்ஸ்ட்ராங்கின் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் என்ற பெயரைப் பெற்றது.